கித்தாருக்குள் புகுந்த வீணை

"கித்தார் வெள்ளைக்காரர் வாத்தியம். அதில் பாட்டுக்குப் பின்னணி வாசிக்கலாம். நம் இராகத்தை வாசிக்க முடியாது." தமிழர் வீடுகளில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் தீர்ப்பு இது. பெண் பிள்ளை வீணை கற்றால் அது கலை. ஆண் பிள்ளை கித்தாரைத் தூக்கினால் அது பொழுதுபோக்கு. இப்படி வாத்தியங்களுக்கும் சாதி பிரித்து வைத்திருக்கிறோம்.

அந்தத் தீர்ப்பில் பாதி உண்மை உண்டு. கடையில் வாங்கும் கித்தாரில் தோடி இராகத்தை அதன் முழு அசைவோடு வாசிப்பது கடினம்தான். ஆனால் மீதிப் பாதி தவறு. வாத்தியம் வானத்திலிருந்து விழுந்த பொருளல்ல. மரத்தையும் கம்பியையும் வைத்து மனிதக் கை செய்தது. கை செய்ததைக் கை மாற்றவும் முடியும். 1970களில் ஒரு கித்தாரை அப்படி மாற்றிக் காட்டினார்கள். மாற்றுவதற்கான பாடம் தஞ்சாவூர் வீணையிலிருந்து போனது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

பினாங்கு கேட்ட கித்தார்

பினாங்கு துறைமுகப் பட்டினம். மிளகோடும் துணியோடும் வாத்தியங்களும் கப்பலில் வந்து இறங்கிய ஊர். 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்ச்சுகீசியர் இந்தக் கடற்பகுதிக்குச் சிறிய நரம்புக் கருவிகளைக் கொண்டு வந்தார்கள். அவற்றின் வழியில் வளர்ந்ததுதான் கெரோஞ்சோங் இசை. பத்தாவியாவுக்கு அருகே துகு என்ற ஊரில் போர்ச்சுகீசிய வம்சாவளியினர் அந்தச் சின்னக் கித்தாரைக் கையாலேயே செய்து வாசித்தார்கள். 1929இல் பினாங்கில் பிறந்த பி. ரம்லி இளமையில் பயின்றதும் கெரோஞ்சோங் இசையே.

ஜோர்ஜ்டவுன் குயீன் தெருவில் மகா மாரியம்மன் கோயில் 1833ஆம் ஆண்டு எழுந்தது. அதே 1833இல்தான் கிறிஸ்டியன் பிரெடெரிக் மார்ட்டின் என்ற ஜெர்மானியத் தச்சர் நியூயார்க்கில் போய் இறங்கிக் கித்தார் செய்யத் தொடங்கினார். அவர் தொடங்கிய பட்டறை பின்னாளில் உலகம் அறிந்த நிறுவனமானது. கோயில் வாசலில் நாதஸ்வரம் ஒலித்த ஊரில், பிறகு இரண்டு தெரு தள்ளி அந்த வகைக் கித்தார்களும் ஒலித்தன. இரண்டும் ஒரே காற்றில் கலந்தன என்றாலும் ஒன்றோடு ஒன்று பேசிக்கொண்டது குறைவு.

1960களின் இறுதியில் இதே பினாங்கிலிருந்து ஓர் இசைக்குழு புறப்பட்டது. அலிகேட்ஸ் என்ற அந்தக் குழுவின் முகமாக விளங்கியவர்கள் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற தமிழ்ச் சகோதரர்கள். மலாய்ப் பாடல்களைப் பாடி நாடு முழுவதும் எல்லா இனத்தாரின் அன்பையும் பெற்றார்கள். லோகநாதன் 2007இல் மறைந்தபோது இன பேதமின்றி மக்கள் வருந்தினார்கள். கித்தார் தமிழன் கைக்கு எட்டாத கருவி என்று யாராவது சொன்னால், அதற்குப் பதில் சொல்ல அந்தச் சகோதரர்கள் போதும்.

அவர்களுடைய இசைக்குக் கடைக் கித்தாரே பொருந்தியது. அதில் எந்த மாற்றமும் தேவைப்படவில்லை. ஒரு கலைஞன் கித்தாரில் இராகத்தைத் தேடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

மெட்டுகளுக்கு நடுவில் இருப்பது

சிக்கல் என்ன? கித்தாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளைப் பார்த்திருப்பீர்கள். வீணையில் இவற்றை மெட்டு என்கிறோம். கித்தாரில் ஒரு மெட்டுக்கும் அடுத்த மெட்டுக்கும் இடையே அரை சுரம். ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு படிகள். மாடிப்படி போல. முதல் படியில் நிற்கலாம், இரண்டாம் படியில் நிற்கலாம். இரண்டுக்கும் நடுவில் நிற்க இடமில்லை.

நம் இசையின் உயிர் அந்த நடு இடத்தில்தான் இருக்கிறது. கமகம் என்று அதற்குப் பெயர். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் அசையாமல் நிற்கும் சுரமல்ல. கீழிருந்து எழுந்து, மேலே தொட்டு, ஊஞ்சல் போல ஆடும். அந்த ஆட்டத்தை நிறுத்திவிட்டால் சுரம் இருக்கும், தோடி இருக்காது.

இதே கேள்வியை வயலின் ஏற்கெனவே சந்தித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டு வந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதில் தேர்ச்சி பெற்றார். அவருக்கு 1834இல் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்க்க முடியுமா? அதை யாரும் வெள்ளைக்காரர் வாத்தியம் என்று ஒதுக்குவதில்லை.

வயலினுக்கு ஒரு வசதி இருந்தது. அதில் மெட்டே கிடையாது. விரல் வழுக்கிப் போகலாம். ஆகவே உட்காரும் முறையையும் சுருதி சேர்க்கும் முறையையும் மாற்றியது போதுமாக இருந்தது. மரத்தில் கை வைக்க வேண்டியிருக்கவில்லை. கித்தாருக்கு அந்த வசதி இல்லை. மெட்டுகள் தடுத்து நின்றன. அங்கே மரத்திலேயே கை வைக்க வேண்டியிருந்தது.

தஞ்சாவூர் மெழுகு

மெட்டு இருந்தும் கமகம் பேசும் வாத்தியம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. அதுதான் வீணை. பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில், அமைச்சர் கோவிந்த தீட்சிதரும் துணை நிற்க, இருபத்துநான்கு நிலையான மெட்டுகள் கொண்ட இன்றைய வீணை உருப்பெற்றது என்பது இசை வரலாறு. பலா மரத்தைக் குடைந்து குடத்தையும் தண்டியையும் செய்கிறார்கள். முழுவதும் ஒரே மரத்துண்டில் செய்தால் ஏகாண்ட வீணை. பகுதிகளைச் சேர்த்துச் செய்தால் ஒட்டு வீணை. நான்கு வாசிப்புத் தந்திகள், பக்கத்தில் மூன்று தாளத் தந்திகள்.

வீணையின் இரகசியம் மெட்டுக்குக் கீழே இருக்கிறது. தண்டியின் மேல் இரு வரிசையாகக் கறுப்பு மெழுகுக் கரை கட்டுகிறார்கள். தேன்மெழுகோடு கரித்தூள் சேர்த்த மெழுகு அது. அதன்மேல் பித்தளை மெட்டுகளைப் பதிக்கிறார்கள். இதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர். கேட்டுக் கேட்டு, ஒரு மயிரிழை முன்னும் பின்னும் நகர்த்தி, சுரம் சரியாக நிற்கும் இடத்தில் மெட்டை அமர்த்துவது பழகிய காதுக்கு மட்டுமே வரும் வேலை. வெயிலில் மெழுகு இளகினால் மறுபடி கட்ட வேண்டும். இதில் எந்தக் குறுக்கு வழியும் இல்லை.

மெழுகுக் கரைகளின் மேல் மெட்டு உயர்ந்து நிற்பதால், கம்பிக்குக் கீழே வெற்றிடம் இருக்கிறது. வாசிப்பவரின் விரல் பலகையைத் தொடுவதில்லை. கம்பியை மட்டும் தொடுகிறது. அதனால் கம்பியைப் பக்கவாட்டில் தாராளமாக இழுக்கலாம். ஒரே மெட்டில் நின்றபடி நான்கு, ஐந்து சுரங்கள் வரை எட்டிப் பிடிக்கலாம். மாடிப்படியில் நின்றுகொண்டே பறப்பது போல.

தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல செய்தி. அந்தக் குறியீடு ஊருக்குப் பெயர் தந்தது. மெழுகு கட்டும் கைகளின் பெயரை எத்தனை பேர் அறிவோம்?

மாறாமல் மறைந்த யாழ்

இங்கே இன்னொன்றையும் சிந்திக்க வேண்டும். வீணைக்கு முன்பு தமிழர் கையில் யாழ் இருந்தது. சங்கப் பாடல்களும் சிலப்பதிகாரமும் பேசும் யாழ். அது இன்று மேடையில் இல்லை. அதன் அமைப்பை ஆராய்ந்து சுவாமி விபுலாநந்தர் எழுதிய யாழ் நூல் 1947இல் அரங்கேறியது. அவர் ஈழத்தின் மட்டக்களப்புப் பகுதியில் பிறந்தவர். மறைந்துபோன ஒரு கருவியைக் கணக்குப் போட்டு மீட்க அவர் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது.

யாழ் ஏன் மறைந்தது? இசை ஆய்வாளர்கள் பலர் கூறும் காரணம் எளிமையானது. யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம். நரம்பின் கீழே விரல் அழுத்த மெட்டும் இல்லை, பலகையும் இல்லை. கமகம் செல்வாக்குப் பெற்ற காலத்தில் அதைக் காட்ட வழியில்லாமல் யாழ் பின்தங்கியது. வீணை அந்த இடத்தைப் பிடித்தது. நாம் போற்றிப் பேசும் கருவி நம் கண்ணெதிரே மறைந்தது. நாம் செய்து மாற்றிய கருவி நின்றது. பழமை மட்டும் ஒரு வாத்தியத்தைக் காப்பாற்றிவிடாது என்பதற்கு நம் வரலாறே சாட்சி.

சிலப்பதிகார ஆய்வாளரிடம் ஓர் ஆங்கிலேய மாணவர்

இனி 1970களுக்கு வருவோம். ஜோன் மெக்லாக்லின், 1942இல் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் பிறந்தவர். அமெரிக்காவில் மகாவிஷ்ணு இசைக்குழுவை நடத்தி மின் கித்தாரில் பெரும் புகழ் பெற்றவர். அரங்குகள் நிரம்பி வழிந்த நேரத்தில் அவர் ஒரு வகுப்பறைக்குப் போனார்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வெஸ்லியன் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1960களிலிருந்தே அங்கே கர்நாடக இசை கற்பிக்கப்பட்டது. அங்கே பணியாற்றியவர்களில் ஒருவர் டாக்டர் எஸ். இராமநாதன். வாய்ப்பாட்டிலும் வீணையிலும் வல்லவர். சிலப்பதிகாரத்தில் காணப்படும் இசையை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். பின்னர் 1985இல் சென்னை சங்கீத வித்வத் சபை அவருக்குச் சங்கீத கலாநிதி விருது அளித்தது. அவரிடம்தான் மெக்லாக்லின் வீணை கற்றார்.

எண்ணிப் பாருங்கள். உலகம் முழுவதும் பெயர் பெற்ற ஒரு கித்தார் கலைஞர், யாழைப் பற்றி ஆராய்ந்த ஒரு தமிழ் ஆசிரியர் முன் அமர்ந்து ஆரம்ப மாணவராக வீணை பயில்கிறார். வீணை வித்வானாகி மேடை ஏறுவதைவிட, இராகத்தின் இயல்பை உணர்ந்து அதைத் தம் கித்தாருக்குக் கொண்டு போவதுதான் அவர் தேர்ந்த பாதை. அந்தப் பாதையில் கித்தாரே முதல் தடையாக நின்றது.

அப்போது அவரோடு சேர்ந்தவர் வயலின் கலைஞர் எல். சங்கர். 1950இல் சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். தந்தை வி. லட்சுமிநாராயணா அங்கே இசை கற்பித்தார். 1958 இனக் கலவரத்துக்குப் பின் குடும்பம் தமிழகம் திரும்பியது. சங்கரும் வெஸ்லியனில் பட்டம் பெற்றவர். தபேலாவுக்கு ஜாகிர் உசேன், கடத்துக்கு விக்கு விநாயகராம், முதல் இசைத்தட்டில் மிருதங்கத்துக்கு இராமநாதபுரம் இராகவன். இப்படி உருவானது சக்தி குழு. 1975இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு கல்லூரி மேடையில் பதிவான கச்சேரி 1976இல் முதல் இசைத்தட்டாக வெளிவந்தது. மின் கருவிகளின் இரைச்சலுக்குப் பழகியிருந்த மேல்நாட்டு இரசிகர்கள், தரையில் சம்மணமிட்டு அமர்ந்து வாசிக்கும் மெக்லாக்லினைக் கண்டு வியந்தார்கள்.

ஏழு கம்பிகள் கீழே, குழி விழுந்த பலகை மேலே

அவர் மடியில் இருந்த கித்தார் எந்தக் கடையிலும் கிடைக்காதது. அமெரிக்காவின் கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய ஏபிரகாம் வெக்டர் என்ற கைவினைஞர் அவருக்காகவே உருவாக்கியது. ஜே-200 என்ற பெரிய உடல் கொண்ட கித்தார்தான் அதன் அடிப்படை. அதில் இரண்டு பெரிய மாற்றங்கள் இருந்தன.

முதல் மாற்றம் விரல்பலகையில். மெட்டுக்கும் மெட்டுக்கும் இடையே உள்ள மரத்தைக் கிண்ணம் போலக் குழித்துச் செதுக்கினார்கள். விளைவு என்ன? வீணையில் மெழுகுக் கரை தந்த வெற்றிடம், கித்தாரில் உளியால் கிடைத்தது. தஞ்சைத் தச்சர் மெட்டை உயர்த்தினார். அமெரிக்கத் தச்சர் பலகையைத் தாழ்த்தினார். வழி வேறு, வந்து சேர்ந்த இடம் ஒன்று. விரல் மரத்தைத் தொடாமல் கம்பியை மட்டும் பிடித்துத் தாராளமாக இழுக்க முடிந்தது. மாடிப்படியின் நடுவிலும் நிற்க இடம் கிடைத்தது.

இரண்டாவது மாற்றம் ஒலித் துளைக்கு மேலே. வழக்கமான ஆறு கம்பிகளுக்குக் கீழே, நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் ஏழு கம்பிகளைக் குறுக்கே கட்டினார்கள். இவற்றைத் தனியாகச் சுருதி சேர்க்கலாம். வாசிக்கும் இராகத்தின் சுரங்களுக்கு ஏற்ப அவற்றை அமைத்துவிட்டால், மேலே ஒரு சுரம் ஒலிக்கும்போது கீழே அதே சுரத்துக்குச் சேர்த்த கம்பி தானாக அதிரும். கோயிலில் பெரிய மணியை அடிக்கும்போது பக்கத்தில் உள்ள பித்தளைத் தட்டு தானே அதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே இயற்பியல்தான். விரும்பினால் அந்த ஏழு கம்பிகளையும் ஒரே வீச்சில் மீட்டவும் செய்யலாம்.

இங்கே ஒரு தெளிவு தேவை. இரண்டு மாற்றங்களும் வீணையிலிருந்து வந்தவை என்று சிலர் எழுதுவதுண்டு. பலகையைக் குழித்ததற்கு வீணை வழிகாட்டி. துணைக் கம்பிகள் நம் வீணையில் இல்லை. அவை சித்தாருக்கும் சாரங்கிக்கும், தெற்கே கோட்டுவாத்தியம் எனப்படும் சித்திரவீணைக்கும் உரியவை. ஆக அந்த ஒரே கித்தாருக்குள் தென்னகமும் வடக்கும் குடியிருந்தன.

இந்த அமைப்புக்கு விலையும் உண்டு. குழித்த பலகையில் விரலைச் சற்று அழுத்தமாக வைத்தாலும் சுரம் ஏறிவிடும். மேல்நாட்டு முறையில் பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தும்போது சுருதி பிசகும் ஆபத்து அதிகம். மரத்தை ஆழமாகச் செதுக்கினால் கழுத்து பலவீனப்படும். வாசிப்பவர் முதலிலிருந்து விரல் பழக வேண்டும். வாத்தியத்தை மாற்றியவர் தம் கையையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

பல நாடுகளில் ஒரே கேள்வி

தம் இசை கித்தாரில் அடங்கவில்லை என்று உணர்ந்தவர் மெக்லாக்லின் மட்டுமல்ல. நம் பகுதியிலேயே வியட்நாம் இருக்கிறது. தென் வியட்நாமின் காய் லுவாங் என்ற இசை நாடகத்துக்காக, 1930களிலிருந்து கித்தாரின் பலகையை ஆழமாகக் குழித்து வாசித்து வருகிறார்கள். அவர்களுடைய பாடலிலும் சுரம் வளைந்து குழைய வேண்டும். சக்தி குழு தோன்றுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அங்கே விடை கிடைத்துவிட்டது.

துருக்கியில் எர்கான் ஓகூர் வேறு வழி கண்டார். 1976இல் மெட்டுகளை அடியோடு நீக்கிய கித்தாரை உருவாக்கினார். சக்தியின் முதல் இசைத்தட்டு வெளியான அதே ஆண்டு. ஒருவர் மெட்டின் நடுவே மரத்தைச் செதுக்கினார், இன்னொருவர் மெட்டையே பிடுங்கினார். தேடியது ஒன்றைத்தான்.

வட இந்தியாவில் ஜெய்ப்பூரைச் சேர்ந்த விஸ்வ மோகன் பட், கித்தாரை மடியில் கிடத்தி, இரும்புக் கோலால் கம்பியின் மேல் வழுக்கி வாசித்தார். அதில் சுருதிக் கம்பிகளையும் பன்னிரண்டு துணைக் கம்பிகளையும் சேர்த்தார். மோகன வீணை என்று பெயர் வைத்தார். அந்தக் கருவியோடு அவரும் ரை கூடரும் இணைந்து வழங்கிய இசைத்தட்டுக்கு 1994இல் கிராமி விருது கிடைத்தது. கொல்கத்தாவின் தேபாஷிஷ் பட்டாச்சார்யா அமைத்த சதுரங்கியும் இதே குடும்பம்.

இவ்வளவு முயற்சிகளும் கைவினைப் பட்டறைகளில் நடந்தவை. தொழிற்சாலை பத்தாயிரம் பேருக்குப் பொதுவான கருவியைச் செய்கிறது. அது அவசியம், இல்லாவிட்டால் ஏழை மாணவன் கையில் கித்தார் கிடைக்காது. ஆனால் யாரும் கேட்காத கேள்வியைக் கேட்பவனுக்குத் தனியாக ஒரு தச்சர் தேவைப்படுகிறார். இந்தப் பழக்கம் பழையது. ஸ்பெயினின் அந்தோனியோ தெ தோரஸ் 1862இல் பின்பக்கத்தையும் பக்கங்களையும் காகிதக் கூழால் செய்த கித்தார் ஒன்றை உருவாக்கினார். ஒலியைத் தருவது மேல்பலகையே என்று நிறுவ அப்படிச் செய்தார். இன்றைய செவ்வியல் கித்தாருக்கு உருக் கொடுத்தவர் அவர்தான். விசித்திரமாகத் தெரியும் ஒரு வாத்தியத்துக்குள் பெரும்பாலும் ஒரு நேர்மையான கேள்வி இருக்கும்.

ஐந்து கம்பி மாண்டலினும் இரட்டை வயலினும்

சக்தி குழு 1978இல் பிரிந்தது. அந்தச் சிந்தனை பிரியவில்லை.

அதே 1978இல் ஆந்திராவின் குடிவாடாவில் ஒன்பது வயதுச் சிறுவன் தியாகராஜர் விழாவில் மாண்டலின் வாசித்தான். அவர்தான் பின்னாளில் உலகம் போற்றிய மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ். மாண்டலினில் கம்பிகள் ஜோடி ஜோடியாக எட்டு இருக்கும். இரண்டையும் ஒன்றாக இழுத்துக் கமகம் வாசிப்பது பெரும்பாடு. அவர் ஜோடிகளை விலக்கி ஒற்றைக் கம்பிகளாக்கினார். கீழ்ஸ்தாயிக்காக ஒரு கம்பியைச் சேர்த்து ஐந்தாக்கினார். மின் ஒலிபெருக்கத்தையும் ஏற்றார். மேல்நாட்டுக் கருவி, சின்னப் பையன், எதற்கு என்று முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். 1981இல் சென்னையில் அரங்கேறிய பிறகு அந்த முணுமுணுப்பு அடங்கியது. பின்னர் மெக்லாக்லினும் ஜாகிர் உசேனும் மீண்டும் இணைந்து நடத்திய குழுவில் ஸ்ரீநிவாஸ் இடம்பெற்றார். 2014 செப்டம்பர் 19ஆம் நாள், 45 வயதில் அவர் மறைந்தது இசை உலகுக்குப் பேரிழப்பு.

சங்கரும் சும்மா இருக்கவில்லை. வயலினின் ஒலி எல்லை அவருக்குப் போதவில்லை. 1980இல் கென் பார்க்கர் என்ற அமெரிக்கக் கித்தார் வினைஞரைக் கொண்டு, இரண்டு கழுத்துகளும் பத்துக் கம்பிகளும் கொண்ட இரட்டை வயலினைச் செய்வித்தார். வயலினின் உச்சத்திலிருந்து டபுள் பேஸின் ஆழம் வரை ஒரே வாத்தியத்தில் தொட முடிந்தது. யாழ்ப்பாணத்தில் இசை பயின்ற கைக்குக் கித்தார் செய்பவரின் கை துணை நின்றது.

வாத்தியம் மட்டும் போதுமா?

இதற்கு எதிர்வாதமும் உண்டு. அதையும் கேட்டாக வேண்டும். சென்னையின் சுகுமார் பிரசாத், அவருக்குப் பின் பிரசன்னா போன்றவர்கள் கித்தாரிலேயே கர்நாடகக் கச்சேரி செய்து புகழ் பெற்றார்கள். சாதகமும் ஞானமும் இருந்தால் போதும், வாத்தியத்தைக் குடைய வேண்டியதில்லை என்று இதைக் காட்டி வாதிடலாம். அதில் நியாயம் இருக்கிறது. இராகம் தெரியாதவன் கையில் எந்த அபூர்வக் கித்தாரைக் கொடுத்தாலும் அது ஊமைதான். மெக்லாக்லினும் முதலில் ஆசிரியரிடம் போனார். கித்தார் தச்சரிடம் போனது அதற்குப் பிறகு. இந்த வரிசை முக்கியம்.

இன்னொரு குறையும் உண்டு. தனி ஒருவருக்காகச் செய்த கருவிக்கு வாரிசு அமைவது அரிது. 1997க்குப் பிறகு குழு மீண்டும் கூடியபோது மெக்லாக்லின் பெரும்பாலும் மின் கித்தாரையே வாசித்தார். ஏழு குறுக்குக் கம்பிகள் கொண்ட கித்தார் ஒரு காலத்தின் சின்னமாக நின்றுவிட்டது. தஞ்சாவூர் வீணையின் கதை வேறு. ஒரு கலைஞனுக்காக மட்டும் அது செய்யப்படவில்லை. தந்தைக்குப் பின் மகன், குருவுக்குப் பின் சீடன் என்று கைமாறியதால் நானூறு ஆண்டுகளாக நிற்கிறது. புதுமை ஒருவனிடம் பிறக்கும். அது நிலைக்க ஒரு சமூகம் வேண்டும்.

ஆனாலும் அந்தச் சிந்தனை பலன் தந்தது. சக்தி குழு 2023இல் புதிய இசைத்தட்டை வெளியிட்டது. அடுத்த ஆண்டு அதற்குக் கிராமி விருது கிடைத்தது. விக்கு விநாயகராமின் மகன் செல்வகணேஷும், பாடகர் சங்கர் மகாதேவனும், வயலின் கலைஞர் கணேஷ் இராஜகோபாலனும் அதில் பங்கேற்றார்கள். அதே 2024 டிசம்பரில் ஜாகிர் உசேன் மறைந்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் மெக்லாக்லினோடு தரையில் அமர்ந்த நால்வரின் பிள்ளைகளும் சீடர்களும் அந்த இசையைக் கைவிடவில்லை.

நாம் செய்யக்கூடியது

மலேசியாவில் மரத்துக்குப் பஞ்சமில்லை. கோலாலம்பூரின் கித்தார் வினைஞர் ஜெஃப்ரி யோங், நம் சாலையோரங்களில் நிழல் தரும் தூங்குமூஞ்சி மரத்தைக் கொண்டு கித்தார் செய்து வெளிநாட்டு வினைஞர்களின் கவனத்தையும் ஈர்த்தவர். நல்ல கித்தாருக்கு ஐரோப்பிய மரமும் பிரேசில் மரமும்தான் வேண்டும் என்ற எண்ணத்தை அது அசைத்துப் பார்த்தது. பினாங்கின் தோட்டங்களில் பலாவும் வளர்கிறது. வீணை பிறக்கும் மரம் நம் கொல்லையில் நிற்கிறது.

குறைவது மரமல்ல. வீணை கற்பவரும் கித்தார் வாசிப்பவரும் ஒரே அறையில் உட்காரும் பழக்கம் குறைவு. கோயில் மண்டபத்தில் வீணை வகுப்பு ஒரு பக்கம், வாடகைக் கடை மாடியில் இளைஞர்களின் கித்தார் பயிற்சி இன்னொரு பக்கம். ஒருவர் வாசலை இன்னொருவர் மிதிப்பதில்லை. வெஸ்லியனில் நடந்தது பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. வீணை ஆசிரியரும் கித்தார் கலைஞரும் ஒரே அறையில் அமர்ந்தார்கள். அதிலிருந்து மற்றதெல்லாம் பிறந்தது.

இசைப் பள்ளிகளும் சங்கங்களும் ஆண்டுக்கு ஒருமுறையாவது இந்த இரு கூட்டத்தையும் ஒன்றாக அமர்த்தலாம். வாத்தியம் பழுது பார்ப்பவரை மேடைக்கு அழைத்து, மேளம் கட்டுவது எப்படி என்று மாணவர்களுக்குக் காட்டச் சொல்லலாம். கலைஞருக்குப் பொன்னாடை போர்த்தும்போது வாத்தியம் செய்தவருக்கும் ஒன்று போர்த்தலாம். செலவு அதிகமில்லை.

பல வீடுகளில் வீணை கண்ணாடி அலமாரிக்குள் அழகுப் பொருளாக இருக்கிறது. அடுத்த அறையில் மகன் கித்தாரில் மோகனத்தைத் தேடிக்கொண்டிருக்கிறான். "அது நம் வாத்தியம் இல்லை" என்று அவனை நிறுத்துவதற்கு முன், அலமாரியைத் திறந்து அந்த வீணையை அவன் மடியில் வைக்கட்டும். மெழுகின் மேல் உயர்ந்து நிற்கும் மெட்டில் ஒரு கம்பியை இழுத்துப் பார்த்தால் போதும். தன் கித்தாரில் என்ன குறை, அதை எங்கே சரி செய்ய வேண்டும் என்பது அவனுக்கே விளங்கும்.